லாரி நெற்றியில் ஆஷ்லி

ஒரு புடவையை விற்க வேண்டுமென்றால் முதலில் விலையைச் சொல்லக் கூடாது. சரிகை, தறி, ஊர் எதையும் சொல்லக் கூடாது. மடிப்பைப் பிரித்து, வந்த அம்மாளின் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்திவிட வேண்டும். "உங்க நிறத்துக்குன்னே நெய்த மாதிரி இருக்குங்க" என்று ஒரு வார்த்தை. தோளில் விழுந்த புடவையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக எல்லோருக்கும் மனசு வராது. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பெரிய ஜவுளிக் கடையின் இரண்டாவது மாடியில் பட்டுப் பிரிவில் நிற்கும் எனக்கு இதுதான் பிழைப்பு. இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனபின் பிடிக்கவில்லையென்றால் பில்லோடு வந்து மாற்றிக்கொள்ளலாம்.

லாரியை அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் அந்த லாரி கம்பெனி ரெஜிஸ் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.

என் வீட்டுக்காரர் கிளமென்ட் லாரி டிரைவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அடுத்தவர் வண்டிதான். ஓனர் சொன்ன ஊருக்குப் போவார், சொன்ன நாளில் திரும்புவார். எங்கள் மகள் ஆஷ்லிக்குக் கோயிலில் முதல் நற்கருணை, எங்கள் பேச்சில் புதுநன்மை, கொடுத்த அன்று அவர் நெல்லூரில் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது வெள்ளைக் கவுனைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். குறை சொல்லும் வாய் அவருக்குக் கிடையாது. அவருக்கும் சேர்த்து அந்த வாயை எனக்குக் கொடுத்திருக்கிறான் ஆண்டவன்.

இந்த வருஷம் அவரே வாயைத் திறந்தார். "ராணி, இனிமே இன்னொருத்தன் வண்டியில உக்காந்தா எனக்கு மூச்சு முட்டும்" என்றார். ஓனரும் நானே, டிரைவரும் நானே என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பேங்கில் கடன் வாங்கிப் புது வண்டி எடுப்பது எங்களுக்கு எட்டாது. ஃபைனான்ஸில் பழைய வண்டி எடுத்த அவருடைய கூட்டாளி ஒருவர், தவணை தவறி, லோடோடு வண்டியை நடுரோட்டில் பறிகொடுத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவர். மிச்சம் இருப்பது லீசு. வேறொருவர் வண்டியை மாதத் தொகை கட்டி எடுத்து ஓட்டுவது. வருவதில் செலவு போக நமக்கு. இரண்டு இடம் விசாரித்து வைத்திருந்தார். வார லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

முதலில் திருவானைக்காவலில் நல்லதம்பி. டிரங்க் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல் குத்தியபடி உட்கார்ந்திருந்தார். சொந்தமாக நாலு வண்டி வைத்திருக்கிறவர். எங்களை உட்காரச் சொல்லவில்லை. உட்கார நாற்காலியும் இல்லை.

"மாச வாடகையை மாசம் பொறந்ததும் குடுத்துடணும். இஞ்சின், கியர் பாக்ஸ், டயர் எல்லாம் என் பொறுப்பு. பல்பு, பிரேக் மாதிரி சின்ன வேலை உன் பொறுப்பு. லோடு நீயே தேடிக்க, எவன் லோடு வேணா ஏத்திக்க, நான் கேக்க மாட்டேன். குடிச்சுட்டு ஓட்டினா அன்னைக்கே சாவியை வாங்கிப்பேன்" என்றார்.

கிளமென்ட் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எத்தனை வருஷம் ஓட்டினா வண்டி எனக்கு வருங்க?"

"எத்தனை வருஷம் ஓட்டினாலும் வராது. வண்டி என்னுது. நீ வேணாம்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டுப் போயிட்டே இரு."

பேசுகிற லட்சணத்தைப் பார்த்தீர்களா? எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கிளமென்டின் முகம் சுருங்கிப் போயிற்று. இத்தனை வருஷம் கழித்து மறுபடியும் ஒருத்தர் வண்டி, ஒருத்தர் வாடகை. பஸ் ஸ்டாப்புக்கு வரும்வரை நான்தான் நல்லதம்பியைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்தது ரெஜிஸ். அவருக்கு நாற்காலி மட்டுமா இருந்தது? ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஏ.சி. ஆபீஸ், கண்ணாடிக் கதவு, போனவுடன் டபரா செட்டில் காபி. கம்பெனியில் இவர்தான் மேனேஜர். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். திருத்தமான குரல். அந்தக் குரலில்தான் எங்களிடமும் பேசினார்.

"கிளமென்ட், இந்தப் படி ஏறி வந்ததோட நீங்க டிரைவர் இல்ல. பார்ட்னர். நாலு வருஷம் ஓட்டுங்க, வண்டி உங்களுக்கு. லோடு தேடி அலைய வேணாம், நாங்களே தருவோம். லோடுல இருந்து மாசத் தவணையைப் பிடிச்சுப்போம். வெளி லோடு மட்டும் ஏத்தக் கூடாது."

"ரிப்பேர் செலவு யாருதுங்க?" என்று நான் கேட்டேன்.

"உங்க வண்டி சிஸ்டர். உங்க வண்டியை நீங்கதானே பாத்துக்கணும்?"

"ஆர்.சி. புக்கு யார் பேர்ல இருக்கும்?"

"கடைசித் தவணை முடியற அன்னைக்கு உங்க பேர்ல மாத்திடுவோம். அதுவரைக்கும் கம்பெனி பேர்ல."

செலவு செய்யும்போது எங்கள் வண்டி, புக்கைப் பார்த்தால் அவர்கள் வண்டி. எனக்கு அப்போதே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் கிளமென்ட் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன். யாரும் அவரை அதுவரை பார்ட்னர் என்று சொன்னதில்லை. எழுந்து வரும்போது ரெஜிஸ் சாதாரணமாகக் கேட்டார். "பொண்ணு பேரு ஆஷ்லிதானே? பாடல் குழுவுல பாடுதே, நல்ல குரல்."

அன்று ராத்திரியே முடிவாகிவிட்டது. முன்பணத்துக்கு என் நகைகள். மிச்சம் வைக்காமல் எல்லாமே போகும். இப்போதைய ஓனரிடம் இந்த வாரத்தோடு நின்றுகொள்கிறேன் என்று கிளமென்ட் சொல்லிவிட்டார். சனிக்கிழமை கையெழுத்து, அதே கையோடு பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரிப்பார் என்று ரெஜிஸே ஏற்பாடும் செய்தார். அதற்கு முன்னால் வண்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று எங்களை யார்டுக்கு வரச் சொன்னார்.

யார்டு கொள்ளிடப் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் பக்கம். காலை வெயில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. வரிசையாக நின்ற லாரிகளில் மாலை போட்ட ஒன்றைக் காட்டி, "அதுதான்" என்றார் ரெஜிஸ்.

முன் கண்ணாடிக்கு மேலே, லாரியின் நெற்றியில், மஞ்சள் எழுத்தில் சிவப்பு நிழல் கொடுத்து எழுதியிருந்தது: ஆஷ்லி.

இன்னும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. ஒரு கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் என் மகள் பெயர் அங்கே பூ வேலைப்பாட்டோடு நிற்கிறது.

கிளமென்டுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் லாரிக்காரர்களுக்கு இது ஒரு பலவீனம் என்று சொல்லலாம். தெருவில் போகிற எந்த லாரியை வேண்டுமானாலும் பாருங்கள், நெற்றியில் ஒரு சாமி பெயரோ பிள்ளை பெயரோ இருக்கும். யார் பிள்ளை பெயரோ அவர் வண்டி. புக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு. கிளமென்ட் ஏறி உட்கார்ந்து சீட்டைச் சரிசெய்தார், கண்ணாடியைத் திருப்பினார், ஸ்டியரிங்கைத் துடைத்தார். ரெஜிஸ் தன் போனில் படம் எடுத்து அங்கேயே எனக்கு அனுப்பினார். நான் ஆஷ்லிக்கு அனுப்பினேன். நான் போனைப் பைக்குள் வைப்பதற்குள் அவள் அதை புரொஃபைல் படமாக வைத்துவிட்டாள். கோயில் பங்கில் பாதிப் பேர் வாழ்த்து சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோளில் புடவையைப் போட்டுவிட்டார்கள். நான் தினமும் செய்கிற வேலையை என் புருஷனுக்கே செய்கிறான் இந்த ஆள். அதுவும் என் பிள்ளையை வைத்து.

கடையில் புதுச் சரக்கு வந்தால் சாயம் போகிறதா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். பெயிண்ட் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் பம்பர் மேல் ஏறி அந்த எழுத்தைத் தொட்டேன். காய்ந்துதான் இருந்தது. ஆனால் விரலுக்கு ஆஷ்லி மட்டும் தட்டுப்படவில்லை. அடியில் வேறு மேடுகள் இருந்தன. தலையைச் சாய்த்து வெயிலை வாங்கிப் பார்த்தால், இஸ்திரி போட்டும் போகாத பழைய மடிப்பு மாதிரி, மஞ்சளுக்குக் கீழே இன்னொரு பெயர். ச. ம். ரீ. ன். சம்ரீன்.

இறங்கி டிரைவர் பக்கக் கதவைப் பார்த்தேன். அங்கேயும் புது பெயிண்டுக்கு அடியில் ஒரு செல் நம்பர் புடைத்துக்கொண்டிருந்தது. லோடு கொடுப்பவர்கள் கூப்பிட வசதியாக டிரைவர்கள் எழுதி வைப்பதுதான். போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு வேடிக்கை பார்ப்பது போல வரிசை நெடுக நடந்தேன். ஒவ்வொரு லாரியின் நெற்றியிலும் ஒரு பட்டை மட்டும் மற்ற இடத்தைவிடப் புதுசாகப் பளபளத்தது. ஒரு வண்டிகூடத் தப்பவில்லை. எத்தனை பிள்ளைகளின் பெயரை அழித்திருப்பார்கள்?

பஸ்ஸில் திரும்பும்போது கிளமென்டிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "பழைய வண்டின்னா பழைய பேரு இருக்கத்தான் செய்யும்" என்றார்.

"ஒரு வண்டிக்கு இருந்தா சரி. எல்லா வண்டிக்குமா? நாலு வருஷத்துல சொந்தமாகுதுன்னா, சொந்தமான வண்டி எல்லாம் எங்க? சொந்தமானவன் எதுக்குங்க பேரை அழிச்சுட்டு வண்டியைத் திருப்பிக் குடுக்கறான்?"

"உனக்கு யாரையும் நம்பத் தெரியாது ராணி. ரெஜிஸ் நம்ம பங்கு ஆளு."

நம்ம பங்கு ஆளு என்பதால்தானே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது? கொள்ளிடத்து மணலைப் பார்த்தபடி நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரிலேயே அந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவர், "சம்ரீன் அத்தா பேசறேன், சொல்லுங்க" என்றார். வண்டி கைவிட்டுப் போன பின்னாலும் லாரி லைனில் அவருக்கு அதுதான் பெயர், சம்ரீனின் அப்பா.

மறுநாள் உறையூரில் அவர் வீட்டுக்குப் போனோம். கிளமென்ட் வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். சம்ரீனின் அம்மா ஷரீபா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். என்னைவிடச் சின்னப் பெண். நாங்கள் எந்த வண்டியை எடுக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் பாய் எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல வண்டிங்க. ரெண்டாவது கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்" என்றுதான் ஆரம்பித்தார். "மொதல்ல தேனா ஓடிச்சு. அரியலூர் சிமெண்ட், பெங்களூரு லோடு, எறக்கின உடனே ஏத்துவாங்க. பாதித் தவணை தாண்டினதும் லோடு கொறைய ஆரம்பிச்சுது. வண்டி யார்டுல நிக்கும். நான் வண்டிக்கு அடியிலயே பாய் விரிச்சுப் படுத்துருப்பேன், எப்ப கூப்பிட்டாலும் எடுக்கலாம்னு. ஆபீஸ்ல கேட்டா மார்க்கெட் டல்லும்பாங்க. அன்னைக்குத்தான் புதுசா சேர்ந்தவனுக்கு என் கண்ணு முன்னாலயே லோடு போகும்."

"லோடு இல்லாத மாசத்துக்கும் தவணை உண்டா?" என்று கிளமென்ட் கேட்டார்.

"உண்டுங்க. வெளி லோடும் ஏத்த விட மாட்டாங்க. ஒரு வாட்டி வயித்துக்கு இல்லாம காந்தி மார்க்கெட்டுல வாழைக்காய் ஏத்திட்டுப் போனேன். வண்டி எங்க போனாலும் அவங்களுக்கு கம்ப்யூட்டர்ல தெரியும். அதுக்குத் தனியா அபராதம். தவணை ஏறிக்கிட்டே போச்சு. முடிய கொஞ்சம்தான் பாக்கி இருந்துச்சு. ஒரு நாள் ரெஜிஸ் சார் கூப்பிட்டு, உங்க கஷ்டத்தைப் பார்க்க எனக்கே பாவமா இருக்கு, வண்டியை விட்டுட்டு நிம்மதியா இருங்கன்னாரு. சாவியை நானே கொண்டு போய்க் குடுத்தேன். யாரும் பிடுங்கல. அதுதான் இன்னும் எனக்கு ஆறல."

"இதுவரைக்கும் கட்டினது?"

"அதெல்லாம் வாடகைன்னு சொல்லிட்டாங்க."

கிளமென்ட் தலையைக் குனிந்துகொண்டு இன்னொன்று கேட்டார். "ஒருத்தருக்காவது வண்டி சொந்தமாச்சா பாய்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க."

இப்போது அவர் ஆக்டிங் டிரைவர். எந்த வண்டிக்காவது ஆள் வராத நாளில் கூப்பிட்டால் போவார், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பார். உள்ளே டீ போடப் போன ஷரீபாவுடன் நானும் போனேன். "பேரை அழிச்சதை இவரு பார்க்கலக்கா. நான்தான் டோல்கேட்டுல பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்தேன். மகளும் பக்கத்துல இருந்துச்சு. நான் அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டேன்" என்றாள். ஒருத்தன் லாபத்தைக் குறைத்தான், கூலியைக் குறைத்தான் என்றால் அது ஒரு கணக்கு. பிள்ளை பெயரை எழுதிக் கொடுத்து, அதை வைத்தே அப்பனை வெயிலில் கிடக்க வைத்து, பிறகு ஒரு பிரஷ்ஷால் அழித்துவிட்டு, அதன் மேல் அடுத்தவன் பிள்ளை பெயரை எழுதுவது என்ன ஜென்மம்?

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் ஆபீஸுக்குப் போனோம். காபி வந்தது. கிளமென்ட் தொடவில்லை. நிதானமாக, இரண்டே இரண்டு விஷயம் கேட்டார்.

"லோடு தராத மாசத்துக்குத் தவணை கிடையாதுன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா, நீங்க லோடு தராதப்ப வெளியில ஏத்த விடுங்க. ரெண்டுல எது குடுத்தாலும் நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்."

ரெஜிஸ் சிரித்தார். "நம்பிக்கைதானே கிளமென்ட் பார்ட்னர்ஷிப்புக்கு அஸ்திவாரம்? இப்படி ஒண்ணொண்ணையும் எழுதிக்கிட்டிருந்தா குடும்பம் மாதிரி எப்படி இருக்கறது?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "குடும்பமா? சம்ரீன் அத்தா உங்க குடும்பத்துல சேத்தி இல்லையா?" என்று கேட்டேன். "உறையூர்ல போய்ப் பாத்துட்டுத்தான் வரோம். அந்த மனுஷனை வண்டிக்கு அடியில படுக்க வச்சு, லோடைப் புதுசா வந்தவனுக்குக் குடுத்துட்டு, பாவமா இருக்குன்னு சொல்லி சாவியையும் வாங்கிட்டீங்களே. ஞாயித்துக்கிழமை பீடத்துல ஏறி நின்னு ஏழைகளைப் பத்தி வாசிக்கறப்ப நாக்கு கூசாதா உங்களுக்கு?"

ஆபீஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜிஸின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "சம்ரீன் அத்தாவா? அவர்தான் சொன்னாரா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, மேஜையில் பேனாவை நேராக வைத்தார்.

கிளமென்ட் எழுந்தார். "எங்களுக்கு வண்டி வேணாம். பொண்ணு பேரை அழிச்சுடுங்க."

"அதுக்கென்ன, அடுத்தவர் வந்தா எப்படியும் அடிச்சுடுவோம்" என்றார் ரெஜிஸ். சொன்னதில் ஒரு தப்பு இருப்பதாகக்கூட அவருக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆஷ்லி அந்தப் படத்தை புரொஃபைலிலிருந்து எடுத்துவிட்டாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், "வண்டியை மந்திரிச்சாச்சா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ரெஜிஸ் அன்றும் வாசகம் வாசித்தார். குரல் அப்படியே திருத்தமாக இருந்தது. எனக்கு ஆமென் சொல்ல வரவில்லை.

திங்கட்கிழமை காலை திருவானைக்காவல் போய் நல்லதம்பி முன்னால் நின்றோம். ரெஜிஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. போன தடவை நாங்கள் பதில் சொல்லாமல் திரும்பிப் போனதை அவர் மனசில் வைத்த மாதிரியும் தெரியவில்லை. பட்டியல் வாசிப்பது போல வண்டியின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஹாரன் சரியில்லை, இடது பக்கக் கண்ணாடி விரிசல், பின் டயர் ரெண்டு அடுத்த மாதம் மாற்ற வேண்டும். "எல்லாம் நான் மாத்தித் தரேன். மாத்தாம விட்டா வந்து சத்தம் போடு" என்றார். சாவியைக் கொடுத்தார். அந்த லாரியின் நெற்றியில் அவர் பேத்தி பெயரோ என்னவோ, கனிஷ்கா என்று இருந்தது. கிளமென்ட் அதை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். சந்தோஷமாக இருந்தார் என்று சொன்னால் பொய். ஆனால் லால்குடியில் ஒரு ரைஸ் மில்லில் பேசி முதல் லோடை அவரே பிடித்திருந்தார். மதியத்துக்குள் ஏற்ற வேண்டும். கடைக்கு அன்று எனக்கு லீவு என்பதால் நானும் கூட ஏறிக்கொண்டேன்.

வண்டி ரோட்டுக்கு வந்ததும் என் போன் அடித்தது. சம்ரீன் அத்தா.

"அக்கா, தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒண்ணு கேக்கணும்" என்றார். குரலில் ஒரு கூச்சம். "நீங்க அந்த வண்டியை நிச்சயமா எடுக்கலைதானே? நீங்க எடுக்கறதா இருந்தா நான் குறுக்க வர மாட்டேன்."

"ஏன் பாய்?"

"ரெஜிஸ் சார் கூப்பிட்டாருங்க. பழைய பாக்கியை எல்லாம் தள்ளிடறேன், புதுசா ஆரம்பிக்கலாம், இன்னைக்கே வந்து கையெழுத்துப் போடுங்கன்னாரு. நடந்ததை மறந்துடுங்க, வெளியில யார்கிட்டயும் பேச வேணாம், அது ஒண்ணுதான்னாரு. அந்த வண்டியைப் பத்தி எனக்குத் தெரியும், என் கைக்குப் பழகினது. பேருகூடப் புதுசா எழுத வேணாங்க. மேல இருக்கறதைச் சுரண்டினா போதும்."

அந்த ஆபீஸில் நின்று அவர் பெயரைப் போட்டு உடைத்தவள் நான்தான். ரெஜிஸ் பேனாவை நேராக வைத்தது அப்போது எனக்கு விளங்கவில்லை. பாயிடம் என்ன சொல்வது? உங்களுக்குத் தெரியாதா, எங்களுக்கு நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கத்தலாம். சொல்லிவிட்டு எந்த வேலையை அவருக்குக் காட்டுவேன்? ஷரீபாவிடம் கொடுங்கள் என்றேன்.

போன் கைமாறியது. "முன்பணத்துக்கு வளையலைக் கழட்டிக் குடுத்துட்டேன்க்கா" என்றாள் ஷரீபா, மெல்ல. "வேணாம்னுதான் சொன்னேன். இப்ப அந்த ரெஜிஸுக்கு மனசு மாறிடுச்சாம். ஆபீஸ்ல யாரோ சம்ரீன் பேரைச் சொன்னாங்களாம், கேட்டதும் உருகிட்டாராம். யாருக்கா சொல்லியிருப்பாங்க?"

"நான்தான் ஷரீபா சொன்னேன். உருகலைம்மா அவன். உங்க வீட்டுக்காரர் பேசறார்னு தெரிஞ்சதும் வாயை மூட வழி பாக்கறான்."

நான் விடவில்லை. "இங்க நல்லதம்பின்னு ஒருத்தர் இருக்காரு. வாய் மோசம், ஆளு சுத்தம். நாலு வண்டி வச்சிருக்காரு, இன்னொண்ணு சும்மாத்தான் நிக்குது. அவர்கிட்ட நாங்க கூட்டிட்டுப் போறோம். பாயை வெளியில விடாத, கதவைச் சாத்து. நாங்க வந்துகிட்டிருக்கோம்."

லால்குடி ஒரு திசை, உறையூர் நேர் எதிர்த் திசை. நான் கிளமென்டைப் பார்த்தேன். அவர் மில்லுக்குப் போன் செய்து கொஞ்சம் தாமதமாகும் என்று மட்டும் சொன்னார். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, அவ்வளவு பெரிய வண்டியை நடுரோட்டில் ஒடித்துக் காவிரிப் பாலத்துப் பக்கம் திருப்பினார்.

"சீக்கிரம் வாங்கக்கா" என்றாள் ஷரீபா போனில். "செருப்பை மாட்டிட்டாரு."